கேட்டலில் ஆறு

"ஒனக்கு எத்தனடி? வாயத் தொறக்காம கமுக்கமா இருக்க!"

தொலைபேசியில் கிருஷாந்தியின் குரல் துள்ளியது. றொசானா இரத்தக் குழாய்களை இயந்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் அவளுக்கு எட்டு வருட வேலை.

"என்னா எத்தன?"

"பிரெஞ்சு ரிசல்ட்டுடி! எனக்கு நாலுலயும் ஏழு. வெள்ளிக்கெழமையே ஈமெயில்ல வந்துருச்சே."

இன்று செவ்வாய்க்கிழமை.

கிருஷாந்தி வலப்பனையில் ஆசிரியை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இருவரும் கண்டிக்குப் போய் ஒரே வாங்கில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்தார்கள். போன மாதம் கொழும்பில் ஒரே நாளில் பரீட்சை எழுதினார்கள். ஒருத்திக்கு வந்தது இன்னொருத்திக்கு ஏன் வரவில்லை?

றொசானா கையுறையைக் கழற்றிவிட்டு மின்னஞ்சலைத் தட்டினாள். திறக்கவில்லை. திரையில் ஒரே ஒரு வரி.

'உங்கள் கடவுச்சொல் நான்கு நாட்களுக்கு முன் மாற்றப்பட்டது.'

அவள் மாற்றவில்லை.



அந்த மின்னஞ்சலில்தான் எல்லாம் இருந்தது. கனடா குடிவரவுத் திணைக்களத்தில் திறமையாளர் வரிசையில் அவள் பெயரைப் பதிந்து ஒரு வருடமாகிறது. புள்ளி நானூற்று முப்பத்தொன்று. பொதுச் சுற்றுகளில் ஐந்நூறைத் தாண்டியவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்று உண்டு. அங்கே நானூற்றுச் சொச்சமே போதும். நிபந்தனை ஒன்றுதான். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் ஏழாம் நிலை. நான்கிலும் எடுத்தால் அறுபது புள்ளிக்கு மேல் கூடும், தனிச் சுற்றின் கதவும் திறக்கும். ஒன்றில் குறைந்தாலும் பத்துப் புள்ளியோடு வரிசையிலேயே நிற்க வேண்டியதுதான்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. இனி ஒவ்வொரு பிறந்தநாளும் புள்ளியைக் குறைக்கும். அம்மா அந்தோனியம்மாவோடு அவள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுக்குப் பின்னால், போன மழையில் மலைச்சரிவில் வெடிப்பு விழுந்து, 'இங்கே குடியிருக்கக் கூடாது' என்று அதிகாரிகள் தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கே போய்க் குடியிருப்பது என்று அந்தத் தாளில் இல்லை.

மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மணி இரண்டரை. பஜாரை மூட்டம் மூடியிருந்தது. பஸ்களின் ஹோர்ன் சத்தம்தான் முதலில் வந்தது. பஸ் பிறகுதான் தெரிந்தது.

அவளுடைய கடவுச்சொல் தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருத்தன்தான். துஷாந்த்.

*

துஷாந்த் அவள் தோட்டத்துப் பையன். பஜாரில் மாடிப்படிக்குக் கீழே கொமினிகேஷன் கடை வைத்திருந்தான். போட்டோ கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் பாரம், பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம். அவளுடைய தோட்டத்தில் முக்கால்வாசிப் பேரின் ஈமெயிலை அவன்தான் திறந்து கொடுத்தான். கடவுச்சொல் எல்லாம் அவனுடைய தடித்த சீஆர் நோட்டுக் கொப்பியில் வரிசையாக இருக்கும். மறந்துவிட்டால் அவனிடமே கேட்கலாம் என்று சனங்களுக்கு அது பெரிய நிம்மதி. றொசானாவும் டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்த காலத்தில் அப்படித்தான் திறந்தாள். பிறகு படித்தாள், வேலைக்குப் போனாள், பிரெஞ்சும் கற்றாள். அந்த ஈமெயிலை மட்டும் மாற்றத் தோன்றவில்லை.

அவளைக் கண்டதும் அவன் நாற்காலியிலிருந்து பாய்ந்து எழும்பினான்.

"அக்கா! நானே வரலாம்னு இருந்தேன். கண்ண மூடுங்க!"

"வெளையாடாத துஷாந்த். என் ஈமெயிலுக்கு என்னா ஆச்சு?"

"அத விடுங்க. இதப் பாருங்க."

கைத்தொலைபேசியை நீட்டினான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய படம். கனடாச் சின்னம். கீழே ஆங்கிலத்தில் அவளுடைய பெயர். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க அழைக்கப்படுகிறீர்கள். நேற்றைய திகதி.

 ஒரு நிமிடம் பஜார், மூட்டம், ஹோர்ன் எல்லாம் மறைந்து போனது. அம்மாவிடம் எப்படிச் சொல்லலாம் என்றுகூட மனசு ஓடியது.

"மாதாவே..." என்றாள். "அப்ப நாலுலயும் ஏழா?"

துஷாந்த் மேசைத் துணியால் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"ரிசல்ட் பேப்பரக் காட்டு."

"இங்க் முடிஞ்சிருச்சுக்கா. நாளைக்கி எடுத்து..."

"துஷாந்த்."

அவன் சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவக்கும். இப்போதும் சிவந்தது. இழுப்பறையைத் திறந்து, மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தான்.

"கோவப்படாதீங்கக்கா. வெள்ளிக்கெழமையே பிரிண்ட் எடுத்துட்டேன். ஒங்களுக்குச் சர்ப்ரைஸ் குடுக்கலாம்னுதான் ஈமெயில்ல போய்ப் பாத்தேன்."

வாசித்தல் ஏழு. எழுதுதல் ஏழு. பேசுதல் எட்டு.

கேட்டல், ஆறு.

றொசானா தாளையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலால் அடுத்த படத்துக்குத் தள்ளினாள். குடிவரவுக் கணக்கிலுள்ள அவளுடைய விபரக்கோவை. அதில் கேட்டல் ஏழு என்று இருந்தது.

"யாரு ஏழு போட்டா?"

"சுதாகரன் சேர்."

"அது யாரு?"

"கொழும்புல இருக்காரு. கனடா பைல் எல்லாம் அவருதான் செய்றாரு. ஒரு மார்க்குல போகுதேன்னு வயிறு எரிஞ்சுச்சுக்கா. போன் போட்டுக் கேட்டேன். 'நான் பாத்துக்கிறேன், கோட் நம்பரச் சொல்லு'ன்னாரு. ஒங்க ஈமெயிலுக்கு வார கோட் என் போனுக்குத்தானே வரும். சொன்னேன்."

"இப்ப என் ஈமெயில் அவன்கிட்ட இருக்கு."

"ஆமா."

"கனடாக்காரன் ரிசல்ட் பேப்பரக் கேப்பானே? அதுல ஆறுன்னு இருக்கே?"

துஷாந்த் குரலைத் தாழ்த்தினான். "சேர் அதயும் மாத்திருவாரு."

 அந்தப் பேப்பரில் ஓர் இலக்கம் இருக்கிறது. அதை வைத்துப் பரீட்சை நடத்தியவர்களிடமே சரிபார்த்துவிடுவார்கள். மாற்றியது தெரிந்தால் பொய்த் தகவல் என்று முத்திரை விழும். ஐந்து வருடத்துக்கு அந்த நாட்டின் பக்கம் தலைவைக்க முடியாது. வகுப்பில் முதல் நாளே சொன்ன விஷயம். ஐந்து வருடம் கழித்து அவளுக்கு முப்பத்தேழு. பிறகு என்ன பிரெஞ்சு, என்ன புள்ளி?

"ஏன்டா இப்புடி செஞ்ச?"

"என்னாக்கா புதுசா கேக்குறீங்க?" அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நம்ம தோட்டத்துல எவன் பாரத்த அவனே நெரப்புனான்? ஒங்கப்பா பொறந்த தேதியே வேல மேற்பார்வ பாத்த கண்டாக்கய்யா வாய்க்கு வந்தத எழுதுனதுதான். எங்கம்மா வயசு மூணு பேப்பருல மூணு மாதிரி. யாரு புடிச்சிட்டுப் போனாங்க?"

"அவங்களுக்குத் தெரியாது, எழுதுனாங்க. ஒனக்கு ஆறுன்னு தெரியும்டா!"

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "சேர் இன்னைக்கி நாலு மணிக்கு எல்லாத்தயும் அனுப்பிருவாரு."

சுவர் மணிக்கூட்டில் மூன்று பத்து.

*

"போட்டோ கொப்பி கண்ட புளுவன்த?" வாசலில் குடையோடு ஒரு சிங்கள ஐயா.

"மெஷின் கெடிலா மாத்தயா. பஸ்ஸே என்ன." மெஷின் பழுது, பிறகு வாங்க என்று துஷாந்த் சிங்களத்திலேயே அவரை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான். ஒழுங்காக இருந்த இயந்திரம் அவன் முதுகுக்குப் பின்னால் பச்சை விளக்கோடு நின்றது.

"அவனுக்குப் போன் போடு," என்றாள் றொசானா. "ஸ்பீக்கர்ல."

நாலாவது தடவை மணி அடித்ததும் சுதாகரன் எடுத்தான். சிரிப்பு நிறைந்த, வழுவழுப்பான குரல்.

"சொல்லுங்க தம்பி."

"நான் றொசானா பேசுறேன். என்னோட விண்ணப்பத்த அனுப்ப வேணாம்."

மறுபக்கம் அதே சிரிப்பு.

"தங்கச்சிக்குப் பயம். எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான். ஒரு கோப்பை தேத்தண்ணி குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க. ஆறு மாசத்துல டொரொண்டோவில நின்று எனக்குப் படம் அனுப்புவீங்க."

"என் ரிசல்ட் ஆறு. ஏழுன்னு அனுப்ப ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொல்லல்ல!"

"சொன்னீங்க தங்கச்சி. உங்க கையெழுத்து போட்ட வெள்ளைத்தாள் என்கிட்ட இருக்கு. அதுக்கு மேல நான் எதையும் டைப் பண்ணலாம். 'கேட்டல் புள்ளியை மாற்றித் தரும்படி நானே கேட்டுக்கொள்கிறேன்' என்றுகூட." குரலில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது. "நாலு மணிக்கு அனுப்புறேன். குழப்பினா அந்தத் தாள் கனடாவுக்கே போகும். யோசிச்சுக்கோங்க."

தொடர்பு அறுந்தது.

றொசானா துஷாந்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆறு மாதத்துக்கு முன் இதே மேசையில்தான். 'பாரம் பொறவு நெரப்பிக்கலாம், இங்கன கையெழுத்து மட்டும் போடுங்கக்கா' என்று அவன் விரல் வைத்துக் காட்டினான். அவளும் போட்டாள். அந்தத் தாளைத்தான் அவன் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அம்மா விரல் காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பதைப் பார்த்து எத்தனையோ தடவை சண்டை பிடித்தவள் அவள்தான்.

மூன்று இருபத்தைந்து.

"எந்திரி. நான் ஒக்காரணும்." கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். "கடவுச்சொல் மறந்துருச்சுன்னு போட்டா கோட் ஒன் போனுக்குத்தானே வரும்? இன்னும் ஒன் நம்பர்தானே இருக்கு?"

"ஆமா. ஆனா..."

அழுத்தினாள். மேசையில் இருந்த துஷாந்தின் தொலைபேசி ஒரு தடவை அதிர்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அவன் முந்திக்கொண்டான், எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"குடு."

"முடியாதுக்கா."

"துஷாந்த், அது பத்து நிமிசத்துல செல்லாமப் போயிரும்."

"சர்மிளாட பைலும் அவருகிட்டதான் இருக்கு!" அவன் கத்தியே விட்டான். சர்மிளா அவனுடைய தங்கச்சி. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கணக்காளர். "ஒங்க பக்கம் சாஞ்சா அவ பைல அவரு கிழிச்சுப் போட்டுருவாரு. அவளுக்குக் கல்யாணமும் சரிவரல்ல, ஒண்ணும் சரிவரல்ல. இது ஒண்ணுதாங்கா அவளுக்கு இருக்கு."

றொசானாவுக்குக் கோபம் வந்தது. விழுங்கினாள். பயந்தவனை மிரட்டி ஒன்றும் வாங்க முடியாது.

"சரி. எனக்குக் குடுக்க வேணாம். சர்மிளாட பைலத் தொறந்து பாத்தியா நீ?"

"எதுக்கு?"

"அவளுக்கு என்னா போட்டிருக்கான்னு பாக்கத்தான்."

அவன் தயங்கினான். பிறகு பக்கத்துக் கணினியில் போய் உட்கார்ந்தான். தங்கச்சியின் கடவுச்சொல் இன்னும் மாறவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனான். கை நின்றது.

"அக்கா," என்றான். குரல் உடைந்திருந்தது. "இவளுக்கும் பிரெஞ்சு போட்டிருக்கு."

"எத்தன?"

"எல்லாம் ஒம்போது."

"சர்மிளா எப்ப பிரெஞ்சு பரீட்ச எழுதுனா?"

சர்மிளாவுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாது என்பது றொசானாவைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த வரிசைக்குக் கீழே பரீட்சைப் பத்திரத்தின் இலக்கம் இருந்தது. றொசானா தன் தாளை எடுத்து அருகே பிடித்தாள். இலக்கம் ஒன்றேதான். அவளுடைய இலக்கத்தை வைத்தே சுதாகரன் சர்மிளாவுக்கும் போட்டிருந்தான்.

இரண்டு பேரில் ஒருத்தியைச் சரிபார்த்தாலே போதும். இருவரும் மாட்டுவார்கள்.

துஷாந்த் தொலைபேசியை நீட்டினான். 

*

ஈமெயில் திறந்தது. முதல் வேலையாகத் துஷாந்தின் எண்ணை நீக்கித் தன் எண்ணைப் போட்டாள். குடிவரவுக் கணக்குக்குள் போக இன்னொரு கோட் கேட்டது. அது ஈமெயிலுக்கு வந்தது. தட்டினாள். மஞ்சள் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.

மூன்று நாற்பத்தொன்று.

அவளுடைய விண்ணப்பம். பதினைந்து பத்திரங்கள் ஏற்ற வேண்டும். பதின்மூன்று ஏறியிருந்தன. கடவுச்சீட்டு, டிப்ளோமா, பொலிஸ் அறிக்கை, வேலைக் கடிதம். ஒவ்வொன்றும் அவள் அலைந்து எடுத்தது.

பக்கத்தைப் புதுப்பித்தாள். பதினான்கு.

"அவன் உள்ள இருக்கான்," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "இப்ப, இந்த நிமிசம், இதே பக்கத்துல இருக்கான்."

புதிதாக ஏறியது மொழிப் பரீட்சைப் பத்திரம். திறந்தாள். அதே எழுத்து, அதே முத்திரை. கேட்டல் ஏழு. கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. அவளே ஒரு கணம் நம்பினாள். ஏழுதான் எடுத்தோமோ? ஒரு கேள்வி, ஒரேயொரு கேள்வி சரியாகக் கேட்டிருந்தால் இந்தத் தாள் உண்மையாக இருந்திருக்கும்.

இன்னும் ஒரு பத்திரம். பிறகு அவன் அனுப்பிவிடுவான்.

திரையின் கீழே ஓரத்தில் சின்னதாக ஒரு வரி இருந்தது. 'அழைப்பை மறுக்கிறேன்.'

"அக்கா, அத அழுத்துனா இன்விடேசன் போயிருமே," என்றான் துஷாந்த்.

"போயிரும்."

"திரும்ப வருமா?"

"நாலுலயும் ஏழு எடுத்தா வரலாம். எடுக்காட்டி வராது."

சனிக்கிழமைகள் கண்முன் ஓடின. இருட்டோடு பிடித்த பஸ், கண்டி வெயில், காதில் மாட்டிக்கொண்டு தேயிலை மலைக்குள் நடந்தபடி கேட்ட பிரெஞ்சு வானொலி. அம்மாவின் முகம். வெடித்த மலை. இந்த அழைப்பு வாழ்நாளில் இனி வராமலே போகலாம். விரல் சுட்டியின் மேல் கல்லாகக் கிடந்தது.

மேசையில் துஷாந்தின் தொலைபேசி அலறியது. சுதாகரன்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஈமெயிலிலிருந்து அவனை வெளியே தள்ளியிருக்கும். இனி நாலு மணிக்குக் காத்திருக்க மாட்டான்.

அழுத்தினாள்.

'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆம் என்றாள். மஞ்சள் வட்டம் சுற்றியது. தொலைபேசி ஓய்ந்தது, மறுபடி அலறியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் துஷாந்த் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

'இந்த அழைப்பை நீங்கள் மறுத்துள்ளீர்கள்.'

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நேரமும் இல்லை. விபரக்கோவைக்குப் போய் ஏழு என்பதை அழித்து ஆறு போட்டாள். புள்ளி சரிந்து நானூற்று நாற்பத்தொன்றில் நின்றது. கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினாள். அம்மாவின் பெயரில்லை, பிறந்த திகதியில்லை. யாரும் ஊகிக்க முடியாத ஒன்று. துஷாந்த் பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்தான். அவள் பார்த்த பார்வையில் கீழே வைத்தான்.

மூன்றாவது தடவை தொலைபேசி அலறியபோது அவளே எடுத்தாள்.

"கெட்டிக்காரி," என்றது குரல். வழுவழுப்பு எல்லாம் போயிருந்தது. "இப்பவே அந்தத் தாளை டைப் பண்ணுறேன். நீயே மாற்றச் சொன்னாய், பயந்து பின்வாங்கினாய் என்று. இன்றைக்கே போகும். பிறகு நீ எத்தனை தரம் பரீட்சை எழுதினாலும் உன் பெயரைப் பார்த்ததும் குப்பையில போடுவாங்க."

வைத்துவிட்டான்.

 அவன் அனுப்புவான். கையெழுத்து அவளுடையதுதான், இல்லை என்று எப்படிச் சொல்வாள்? அங்கே இருக்கும் ஓர் அதிகாரி அவளுடைய முகத்தையா பார்க்கப் போகிறார்? தாளைத்தான் பார்ப்பார். எந்தத் தாள் முதலில் போய்ச் சேருகிறதோ அது.

"அக்கா, என்னா செய்யப் போறீங்க?"

"கனடாக்காரனுக்கு எழுதப் போறேன்."

"என்னான்னு?"

"நடந்தத."

"என் பேரயுமா?"

அவள் திரும்பினாள். அவன் காது சிவந்திருந்தது. அவனுக்குப் பால்குடி மாறாத ஒரு பிள்ளை இருந்தது. அவனில்லாமல் இந்தக் கடையும் இல்லை.

"ஒன் பேரயும்தான். கோட் நம்பரக் குடுத்தது நீ. சர்மிளா பைலக் கண்டுபுடிச்சுக் காட்டுனதும் நீ. ரெண்டையும் எழுதுவேன்."

அவன் போய் ஷட்டரை முழுதாக இறக்கினான்.  இவனும் மனசு மாறிவிட்டானா? வெளியேற வேறு வழி இல்லை. ஷட்டர்ப் பக்கம் ஓடலாமா என்று பார்த்தாள்.

அவன் திரும்பி வந்து பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எழுதுங்கக்கா. சர்மிளாவுக்கும் பொறவு அவளக் கூப்பிட்டே எழுத வெப்போம்."

குடிவரவுத் தளத்தின் விசாரணைப் பக்கத்தைத் திறந்தாள். பெயர், விண்ணப்ப இலக்கம், விடயம். 'என் கணக்கில் எனக்குத் தெரியாமல் பொய்யான பிரெஞ்சுப் புள்ளி இடப்பட்டது' என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டதையும் மறைக்கவில்லை. அந்த வரியை எழுதும்போதுதான் முகம் சுட்டது. உண்மையான ரிசல்ட்டை இணைத்தாள். சுதாகரனின் எண்ணையும், அவன் அனுப்பிய படங்களையும் இணைத்தாள். ஒரு தடவை வாசித்தாள். அவசரத்தில் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழைத்திருந்தது. திருத்தவில்லை. அனுப்பினாள்.

நாலு ஐந்துக்கு அவளுடைய சொந்தத் தொலைபேசி அதிர்ந்தது. புதிய ஈமெயில். தானாக வந்த பதில்.

'உங்கள் தகவல் கிடைத்தது. ஆராய்ந்து அறிவிப்போம்.'

எப்போது என்று இல்லை. நம்புவார்களா என்றும் இல்லை. சுதாகரனின் தாள் இப்போது எந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறதோ.

அவள் கிருஷாந்தியை அழைத்தாள்.

"எத்தனடி?" என்றாள் அவள் எடுத்ததுமே.

"கேட்டல்ல ஆறு."

மறுபக்கம் குரல் இறங்கியது. "ஐயோ... இப்ப என்னா செய்யப் போற?"

"அடுத்த பரீட்ச எப்பன்னு பாத்துச் சொல்லு," என்றாள் றொசானா. "பாரத்த மட்டும் நீ நெரப்பிறாத. நானே நெரப்புறேன்."